பழைய செயின் சா: செயின் அடிக்கடி தளர்கிறது, பயன்படுத்தும் முன் எவற்றைச் சரிபார்க்க வேண்டும்?

கொடுங்கையூர்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தெருக் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு உறுப்பினர் ஒருவர், தம் வீட்டில் பயனின்றிக் கிடந்த பெட்ரோல் செயின் சா ஒன்றைக் கொடுத்திருக்கிறார். 58 சிசி இயந்திரம், செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடான பார் 22 அங்குலம், கையேடு இல்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கடந்தபோது வடசென்னையின் உட்தெருக்களில் வேம்பும் பெருங்கொன்றையும் குறுக்கே விழுந்து கிடந்ததை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெரிய சாலைகளைத் திறந்துவிட்ட பிறகே உட்தெருக்களுக்கு ஆள் வர இயலும் என்பது நியாயமே. ஆகவே வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள், விழுந்த கிளைகளை மட்டுமாவது நாங்களே துண்டாக்கி வழி ஏற்படுத்தும் அளவுக்கு இதைத் தயார் செய்ய விரும்புகிறோம். நிற்கும் மரம் எதையும் தொடும் எண்ணம் இல்லை.

வளாகத்துக்குள் கிடந்த காய்ந்த பூவரசங்கட்டையில் சோதித்தபோது சில குறைகள் தெரிந்தன. செயினை எவ்வளவு இறுக்கினாலும் நாலைந்து வெட்டுக்குள் தளர்ந்து பாரின் அடியில் தொங்குகிறது. சீவலாக வர வேண்டிய மரம் மாவாகக் கொட்டுகிறது. வெட்டு நேராக இறங்காமல் வலப்பக்கம் வளைகிறது. ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் செயின் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது. செயின் பிரேக் வேலை செய்கிறதா என்பதை எப்படி அறிவது என்பதும் தெரியவில்லை. இவற்றில் எவை நாங்களே சரிசெய்யக் கூடியவை, எவற்றுக்குக் கடைக்குப் போக வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

---

ரம்பப்பட்டறை (பாரிமுனை) எழுதியது:

தம்பி, ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் செயின் நகர்கிறது என்று நான்காவதாக எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். அந்த ஒன்று தீரும் வரை இயந்திரத்தை மரத்தருகே கொண்டு போகாதீர்கள். ஆனாலும் என்ஜினை ஓடவிட்டுப் பார்க்க வேண்டிய வேலை கடைசியில் வருவது. பட்டறைக்கு வரும் செயின் சாக்களில் பெரும்பாலான கோளாறுகள், என்ஜின் அணைந்திருக்கும்போதே கையாலும் கண்ணாலும் பிடிபடுபவை. ஆகவே ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி ஒதுக்கி வைத்துவிட்டு, தடித்த கையுறை அணிந்து உட்காருங்கள். நிற்கும் செயினும் விரலை அறுக்கும்.

பாரின் நட்டுகள் பிடித்திருக்கும் பக்கவாட்டுக் கிளட்ச் மூடியைக் கழற்றுவதற்கு முன், முன் கைப்பிடிக்கு முன்னால் நிற்கும் முன் கைக்காப்பை (செயின் பிரேக்கை இயக்குவது இதுதான்) உங்கள் பக்கமாக இழுத்துப் பிரேக்கை விடுவித்துவிடுங்கள். நீங்கள் சொல்லும் வகை இயந்திரங்களில் பிரேக் பட்டை பெரும்பாலும் அந்த மூடிக்குள்ளேயே இருக்கும். பிரேக் விழுந்த நிலையில் மூடியைக் கழற்றினால் பட்டை சுருங்கி நின்றுவிடும், திரும்பக் கிளட்ச் டிரம்மின் மேல் ஏறாது. அதைச் சுத்தியலால் தட்டி ஏற்றப் பார்த்து மூடியையே உடைத்துக்கொண்டு வருபவர்கள் உண்டு.

மூடி வந்ததும், இறுக்கும் திருகோடு சேர்ந்த சிறு முளை ஒன்று தெரியும். அது பாரில் உள்ள துளைக்குள் சரியாக உட்கார்ந்திருக்க வேண்டும். மாட்டும்போது முளை துளைக்கு வெளியே பாரின் முகத்தில் முட்டி நின்றால், நட்டை எவ்வளவு முறுக்கினாலும் பார் தகடு உடலோடு படியாது. இரண்டு வெட்டில் பின்னுக்கு நகரும், செயின் தொங்கும். செயின் தளர்கிறது என்று வரும் புகார்களில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

முளை சரியாக இருந்தால், இறுக்கிய முறையைச் சந்தேகியுங்கள். பாரின் இரண்டு நட்டுகளையும் விரலால் திருகும் அளவுக்குத் தளர்த்தி, பாரின் நுனியை மேல்நோக்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இறுக்கும் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். பாரின் அடியில் தொங்கும் செயின் மேலேறி, அதன் கண்ணிகள் பாரின் கீழ்விளிம்பைத் தொடும் இடத்தில் நிறுத்த வேண்டும். நுனியைத் தூக்கியபடியே நட்டுகளை முறுக்க வேண்டும் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். நுனியைத் தொங்கவிட்டு முறுக்கினால், மரத்தில் வைத்து அழுத்திய கணமே பார் மேலே ஏறி, அந்த அளவுக்குச் செயின் தளர்ந்துவிடும்.

அளவு சரியா என்பதை இப்படிப் பாருங்கள். பாரின் மேல்பக்கம் நடுவில் செயினை இரு விரலால் பிடித்துத் தூக்கினால், உள்ளே ஓடும் பற்கள் பள்ளத்திலிருந்து சற்று மேலெழ வேண்டும், ஆனால் முழுவதுமாக வெளியே வந்துவிடக் கூடாது. விட்டதும் சட்டென்று தன் இடத்தில் படிய வேண்டும். பிறகு செயினைப் பாரோடு நுனியை நோக்கி இழுத்தால் தடையில்லாமல் ஓட வேண்டும். இழுக்க முடியாத அளவுக்கு இறுக்கினால் பாரின் நுனிச் சக்கரமும் கிளட்சின் பேரிங்கும் போய்விடும். ஓடும்போது செயின் சூடாகி நீளும், ஆகவே வேலைக்கு நடுவே மீண்டும் இறுக்க நேரலாம்; அப்படிச் சூட்டில் இறுக்கியிருந்தால் வேலை முடிந்ததும் மறக்காமல் தளர்த்திவிடுங்கள். குளிர்ந்து சுருங்கும் செயின் கிராங்க் ஷாஃப்டை இழுத்துப் பிடிக்கும். புதுச் செயின் முதல் சில நிமிடங்களிலேயே நீளும் என்பதால் அதை அடிக்கடி நிறுத்திப் பார்க்க வேண்டும்.

மாவாகக் கொட்டுவதும் வலப்பக்கம் வளைவதும் ஒரே காரணத்தின் இரு முகங்கள். மழுங்கிய பல் மரத்தைச் சீவாது, தேய்க்கும். பல்லின் முனையை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். கூரான முனையில் ஒளி நிற்காது, மழுங்கிய முனையில் மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு மின்னும். செயினில் பற்கள் இடம் வலமாக மாறி மாறி வரும். எந்தப் பக்கத்துப் பற்கள் கூராகவும் நீளமாகவும் இருக்கின்றனவோ அந்தப் பக்கம் வெட்டு இழுத்துக்கொண்டு போகும். உங்களுடையது வலப்பக்கம் போகிறது என்பதால் இடப்பக்கப் பற்கள் தேய்ந்தோ ஆணியில் பட்டோ இருக்கக் கூடும். பற்கள் இருபுறமும் ஒத்திருந்தும் வெட்டு வளைந்தால், பாரின் இரண்டு விளிம்புகளில் ஒன்று தேய்ந்து தாழ்ந்திருக்கிறது என்று பொருள். பாரைக் கழற்றி ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் விளிம்பு படும்படி நிறுத்தினால், நேராக நிற்கிறதா, ஒருபுறம் சாய்கிறதா என்பது தெரிந்துவிடும்.

அரம் போடுவதற்கு வட்ட அரம் வேண்டும். அதன் பருமன் செயினைப் பொறுத்தது. பாரின் அடிப்பகுதியில் .325 என்று பொறித்திருந்தால் 4.8 மில்லிமீட்டர் அரம்; லிங்கி செட்டித் தெருவில் கேட்டால் கிடைக்கும். பாரைப் பிடியில் அசையாமல் பிடித்து, அரத்தைக் கிடைமட்டமாக, பெரும்பாலான செயின்களுக்குரிய 30 பாகைச் சாய்வில், பல்லின் உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக மட்டும் தள்ள வேண்டும். திரும்ப இழுக்கும்போது அரம் பல்லில் படக் கூடாது. எல்லாவற்றிலும் குட்டையான பல்லைத் தேடி, மற்றவற்றை அதன் நீளத்துக்குக் கொண்டு வாருங்கள். பல்லின் மேல்தகடு 4 மில்லிமீட்டருக்கும் குறைந்துவிட்டாலோ, கண்ணியிலோ ரிவெட்டிலோ விரிசல் தெரிந்தாலோ அந்தச் செயினைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் நிற்கும் சிறு மேடான ரேக்கர், பல்லின் உச்சியைவிட ஏறக்குறைய 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். பல்லை அரம் போட்டுப் போட்டுக் குறைத்த பிறகு ரேக்கர் உயரமாக நின்றுவிட்டால் பல் மரத்தைத் தொடவே தொடாது. அதற்காகக் கண் மதிப்பில் ராவித் தள்ளிவிடாதீர்கள். அளவுத் தகடு வைத்து, தட்டை அரத்தால் மட்டுமே ராவ வேண்டும். ரேக்கர் அளவுக்கு மீறித் தாழ்ந்தால் பல் மரத்தைக் கவ்வி இயந்திரத்தைப் பிடுங்கும். இயந்திரம் அறுப்பவரை நோக்கி எகிறிப் பின்னடிக்கும் அபாயமும் கூடும். செயின் வேகமாக வெட்ட வேண்டும் என்று இதைச் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள். நான் செய்வதில்லை.

கடைசியாக, பாரின் பள்ளத்தில் அடைந்திருக்கும் எண்ணெய்ப் பிசுக்கை ஒரு மெல்லிய தகட்டால் சுரண்டி எடுத்து, எண்ணெய் வரும் துளையையும் குத்திச் சுத்தம் செய்யுங்கள். எண்ணெய் வராத செயின் சூட்டில் நீண்டு தளரும். அதுவும் உங்கள் முதல் குறைக்குக் காரணமாக இருக்கலாம்.

---

மணலி_பாதுகாப்பு எழுதியது:

பெரியவர் சொன்னவற்றுக்குப் பிறகு எஞ்சியிருப்பது இயந்திரத்தின் காப்பு உறுப்புகள். மணலியில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் பணிபுரிகிறேன். வளாகத்துக்குள் மரம் அறுக்க வரும் ஒப்பந்தக்காரர்களின் இயந்திரங்களை உள்ளே விடுவதற்கு முன் பார்ப்பது என் வேலைகளில் ஒன்று.

என்ஜின் அணைந்த நிலையிலேயே முன் கைக்காப்பை முன்னோக்கித் தள்ளுங்கள். தெளிவான ஒரு சொடுக்கு கேட்க வேண்டும். அதன் பிறகு செயினைக் கையுறைக் கையால் எவ்வளவு இழுத்தாலும் நகரக் கூடாது. சொடுக்கு கேட்டதாலேயே பிரேக் பிடிக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது, இழுத்துப் பார்த்தே தீர வேண்டும். அடுத்து, பின் கைப்பிடியின் மேலுள்ள பூட்டு விசையை அழுத்தாமல் ஆக்சிலேட்டரை மட்டும் அழுத்துங்கள். அது அசையக் கூடாது. இரண்டையும் அழுத்தி விட்டால் இரண்டும் தாமாகத் திரும்ப வேண்டும். பாரின் அடிப்பகுதியில், இயந்திரத்தின் உடலோடு ஒட்டி, அறுந்த செயினைப் பிடித்து நிறுத்தும் ஒரு சிறு கொக்கி இருக்கும். பழைய இயந்திரங்களில் இது உடைந்து விழுந்திருப்பது மிகச் சாதாரணம். யாரும் கவனிப்பதும் இல்லை. செயின் அறுந்தால் அது பின்னோக்கிச் சாட்டை போல வீசி வலக்கையைத் தாக்கும் என்பதால், அந்தக் கொக்கி இல்லாத இயந்திரத்தை நான் உள்ளே விடுவதில்லை. கைப்பிடிகளைத் தாங்கும் அதிர்வுத் தடுப்பு ரப்பர்களில் கிழிசல் உண்டா என்றும் கைப்பிடியை ஆட்டிப் பாருங்கள்.

இவ்வளவும் தேறினால்தான் என்ஜின். தரையில் வைத்து, செயின் பிரேக்கைப் போட்டு, பின் கைப்பிடிக்குள் வலக்காலின் முன்பகுதியை நுழைத்து மிதித்து, இடக்கையால் முன் கைப்பிடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு கயிற்றை இழுக்க வேண்டும். ஒரு கையில் தொங்கவிட்டு, மறு கையால் உதறி இழுக்கும் வழக்கம் நம் ஊரில் எங்கும் காணக் கிடைக்கிறது. அப்படிக் கிளப்பும்போது செயின் முழங்காலுக்கு அருகில் எந்தப் பிடியும் இல்லாமல் ஆடுகிறது.

ஓடத் தொடங்கியதும் ஆக்சிலேட்டரை விட்டு, பிரேக்கையும் விடுவித்துப் பாருங்கள். செயின் அசையாமல் நிற்க வேண்டும். உங்கள் இயந்திரத்தில் நகர்கிறது என்பதால், முதலில் ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்துவிட்டு, டி என்று குறித்திருக்கும் ஐடிலிங் (ஆக்சிலேட்டர் அழுத்தாதபோது ஓடும் வேகம்) திருகை இடப்பக்கமாகச் சிறிது சிறிதாகத் திருப்புங்கள்; செயின் நின்று, என்ஜின் மட்டும் சீராக ஓடும் இடம் கிடைக்க வேண்டும். எல், எச் என்று குறித்த மற்ற இரண்டு திருகுகளைத் தொட வேண்டாம். குறிப்பாக எச் திருகை மூடினால் எரிபொருள் கலவை மெலிந்து பிஸ்டன் இறுகிவிடும். ஐடிலிங்கைக் குறைத்த பிறகும் செயின் நகர்ந்தால் கிளட்சின் சுருள்வில் முறிந்திருக்கலாம். அது கடைக்காரர் வேலை.

பிறகு இரு கையாலும் உறுதியாகப் பிடித்து, ஒரு கணம் முழு வேகம் கொடுத்து, முன் கைப்பிடியை விடாமலே இடக்கை மணிக்கட்டால் கைக்காப்பைத் தள்ளுங்கள். செயின் அந்தக் கணமே நிற்க வேண்டும். நின்றதும் ஆக்சிலேட்டரை விட்டுவிடுங்கள், இல்லையெனில் கிளட்ச் கருகும். நிறுத்தும் சுவிட்சைத் தட்டினால் என்ஜின் அணைய வேண்டும் என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். சோக்கை இழுத்துத்தான் அணைக்க வேண்டியிருக்கிறது என்றால் அது பழுதான இயந்திரம்.

பிரேக்கை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஓடும் செயின், பார் நுனியின் மேல் காற்பகுதியில் எதன் மீதாவது பட்டால், இயந்திரம் அறுப்பவரின் முகத்தை நோக்கி எகிறும். அது நடந்து முடிந்த பிறகுதான் நடந்தது என்பதே தெரியும். புயலில் விழுந்த மரத்தில் கிளைக்குப் பின்னால் கிளை மறைந்திருப்பதால், நுனி எதில் படுகிறது என்று அறுப்பவருக்குத் தெரியாது.

லுங்கியும் தோளில் துண்டும் ரப்பர் செருப்புமாக இந்த வேலையில் இறங்குபவர்களை எல்லாரும் பார்த்திருக்கிறோம். செயின் சாவுக்கென்றே தைத்த கால்சட்டையில் நீண்ட இழைகள் அடுக்கடுக்காக இருக்கும். செயின் பட்டால் அவை உருவிக்கொண்டு வந்து சக்கரத்தில் சிக்கி அதை நிறுத்திவிடும். விலை அதிகம்தான். ஆனாலும் சங்கத்துக்கு ஒன்று போதும், அறுப்பவர் ஒருவர்தானே. சத்தம் 100 டெசிபலைத் தாண்டும் என்பதால் காதடைப்பானும், முகத்துக்கு வலையுடன் கூடிய தலைக்கவசமும் வேண்டும்.

---

மாதவரம்_மரவேலை எழுதியது:

இருவரும் நன்றாக விளக்கியிருக்கிறீர்கள். எரிபொருள் பற்றி யாரும் சொல்லவில்லை. இது டூ ஸ்ட்ரோக் என்ஜின். பெட்ரோலில் டூ-டி ஆயில் கலக்காமல் ஓடவிட்டால் சில நிமிடங்களில் பிஸ்டன் ஒட்டிக்கொள்ளும். நான் லிட்டருக்கு 20 மில்லி கலக்கிறேன், புகையே இல்லை. இப்போது பங்குகளில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால் ஈரத்தை இழுக்கும். கலந்து வைத்ததை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள். போன மழைக்காலத்து மிச்சத்தை இந்த மழைக்காலத்துக்கு ஊற்றவே கூடாது. என்ஜின் சூடாக இருக்கும்போது பெட்ரோல் ஊற்றாதீர்கள்; ஊற்றிய இடத்திலிருந்து மூன்று மீட்டராவது தள்ளிப் போய்க் கிளப்புங்கள்.

இன்னொன்று, நம் பக்கத்து வேம்பை அறுக்கும் முன் பட்டையைக் கையால் தடவிப் பாருங்கள். மஞ்சள் துணி கட்டிய மரமென்றால் சூலமோ ஆணியோ உள்ளே இருக்கும். சாலையோர மரமென்றால் விளம்பரத் தட்டியின் ஆணியும் கேபிள் கம்பியும் இருக்கும். ஒரே ஆணியில் அன்றைக்குப் போட்ட அரம் அத்தனையும் வீண். மின்கம்பி கிளையின் மேல் கிடந்தால் செயின் சாவை வெளியே எடுக்கவே வேண்டாம், மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்கு அழையுங்கள். பொதுச் சாலையில் விழுந்த மரத்தைப் பற்றி மாநகராட்சியின் 1913-இலும் சொல்லிவிடுங்கள்.

---

ரம்பப்பட்டறை எழுதியது:

மாதவரம் நண்பர் சொன்ன 20 மில்லி, அதற்கென்று தயாரித்த நல்ல ஆயிலுக்குப் பொருந்தும். கையேடு இல்லாத மலிவு விலை 58 சிசி இயந்திரங்களுக்குப் பெரும்பாலும் லிட்டருக்கு 40 மில்லி என்றே குறித்திருக்கிறார்கள். டாங்கின் மூடியருகே ஒட்டியிருக்கும் தாளில் எழுத்து அழியாமல் இருந்தால் அதன்படி செய்யுங்கள். தெரியாத நிலையில் கொஞ்சம் புகை வந்தாலும் பரவாயில்லை என்று 40 மில்லியே ஊற்றுவேன். பிளக் கருத்தால் துடைத்துக்கொள்ளலாம், பிஸ்டன் கீறினால் துடைக்க முடியாது.

---

எண்ணூர்_இளைஞன் எழுதியது:

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். ஆங்கிள் கிரைண்டரில் பொருத்திக்கொள்ளும் சிறிய செயின் சா பார் இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதே, சிறு கிளைகளுக்கு அது போதாதா அண்ணா?

---

மணலி_பாதுகாப்பு எழுதியது:

வேண்டாம் தம்பி. நான்கு அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 11,000 சுற்று சுழலும். அதில் செயின் பிரேக் கிடையாது, பூட்டு விசை கிடையாது, அறுந்த செயினைப் பிடிக்கும் கொக்கி கிடையாது. பல கிரைண்டர்களில் சுவிட்சைத் தள்ளிவிட்டால் கை எடுத்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும். மேலே நான் எழுதிய சோதனைகளில் ஒன்றைக்கூட அதில் செய்து பார்க்க வழியில்லை. சிறு கிளைக்குக் கைரம்பம் போதும்.

---

கொடுங்கையூர்வாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை காலை சங்க அறையில் மூடியைக் கழற்றிப் பார்த்தோம். ஐயா சொன்னபடியே முளை துளைக்கு வெளியே முட்டி நின்றிருந்தது. பாரின் முகத்தில் அது அழுத்திய இடத்தில் வட்டமாக ஒரு பள்ளம்கூட விழுந்திருக்கிறது. சரியாகப் பொருத்தி, நுனியைத் தூக்கிப் பிடித்து இறுக்கிய பிறகு செயின் கையால் இழுத்தால் சீராக ஓடுகிறது. இடப்பக்கப் பற்களில் வரிசையாக மூன்று முனை சிதைந்திருக்கின்றன, ஆகவே புதுச் செயினே வாங்கிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். கொக்கி இருந்த இடத்தில் திருகுத் துளை மட்டுமே இருக்கிறது.

பிரேக்கில்தான் சிக்கல். சொடுக்கு கேட்கிறது, ஆனால் செயினைச் சற்று அழுத்தி இழுத்தால் நகர்கிறது. ஆகவே என்ஜினைக் கிளப்பவில்லை. பட்டையை இறுக்க வழி உண்டா, அல்லது மாற்றத்தான் வேண்டுமா? செயினுக்கு எண்ணெயாகப் பக்கத்து மெக்கானிக் கடையில் வடித்த என்ஜின் ஆயிலை ஊற்றலாமா என்றும் ஒருவர் கேட்கிறார்.

---

ரம்பப்பட்டறை எழுதியது:

கிளப்பாமல் வைத்தது நல்லது. அந்தப் பட்டையை இறுக்க முயல வேண்டாம். முதலில் மூடியின் உள்ளே அடைந்திருக்கும் மரத்தூளையும் எண்ணெயையும் தூரிகையால் நன்றாகத் துடைத்து, பட்டை உராயும் டிரம்மின் வெளிப்புறத்தையும் உலர்த்திவிட்டு மீண்டும் இழுத்துப் பாருங்கள். எண்ணெய் படிந்ததாலேயே வழுக்கும் பட்டைகள் உண்டு. அப்போதும் நகர்ந்தாலோ, பட்டையின் ஏதேனும் ஓரிடம் மற்ற இடங்களைவிட மெலிந்து தெரிந்தாலோ, பட்டையை மட்டும் தேடாமல் மூடியைப் பிரேக்கோடு முழுத் தொகுப்பாகவே வாங்கி மாற்றுங்கள். வரும்போது பழைய மூடியையும் செயினையும் கையில் கொண்டு வாருங்கள். 58 சிசி என்று மட்டும் சொன்னால் கடைக்காரர் எதையாவது எடுத்துக் கொடுப்பார். பாரில் பொறித்திருக்கும் அளவும், செயினின் உட்பற்கள் எத்தனை என்ற எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும். கொக்கியும் அங்கேயே கிடைக்கும்.

வடித்த ஆயில் வேண்டவே வேண்டாம். அதில் கலந்திருக்கும் உலோகத் துகள் பம்பையும் பாரையும் அரிக்கும்; செயினிலிருந்து தெறித்து அறுப்பவரின் கைகளிலும் முகத்திலும் படிவது தோலுக்குக் கேடு. செயினுக்கென்றே விற்கும் ஆயில் கிடைக்காவிட்டால் புதிய எஸ்ஏஇ 30 என்ஜின் ஆயிலை ஊற்றுங்கள். பிரேக் தேறி இயந்திரம் ஓடத் தொடங்கியதும், வெளிர் நிற அட்டை ஒன்றுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் பார் நுனியைப் பிடித்துச் சிறிது வேகம் கொடுங்கள். அட்டையில் எண்ணெய்க் கோடு மெல்ல விழ வேண்டும். பெட்ரோல் டாங்க் ஒருமுறை காலியாகும்போது எண்ணெய் டாங்கும் ஏறக்குறையக் காலியாகியிருக்க வேண்டும். எண்ணெய் அப்படியே மிஞ்சியிருந்தால், அடைப்பு இன்னும் நீங்கவில்லை.